சர்ஃப் போர்டு பட்டறை வைக்கிறீர்களா? கிழக்குக் கரையில் ஒரே ஆளாகத் தொடங்குபவருக்கு முழு வழிகாட்டி

கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம், புதுச்சேரி வரை கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இன்று சர்ஃப், அதாவது அலைச்சறுக்குப் பள்ளிகள் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்திலேயே நடந்தது, இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அலை இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறது. ஆனால் இங்கே கைமாறும் போர்டுகளில் பல வேறு நாட்டு அலைக்காக, எழுபத்தைந்து எண்பது கிலோ ஆளை மனதில் வைத்துச் செய்தவை. அறுபது கிலோ கூடத் தேறாத நம்ம ஊர்ப் பையன் அதில் ஏறி, நெஞ்சளவு அலையில் மல்லுக்கட்டுகிறான்.

ஆளுக்கும் அலைக்கும் அளவெடுத்துப் போர்டு செய்து தர ஒருவருக்கு இங்கே இடம் இருக்கிறது என்பது என் கணிப்பு. போர்டு என்பது நுரைக்கட்டையைச் செதுக்கி, மேலே கண்ணாடி இழைத் துணி விரித்து, ரெசின் என்னும் இறுகும் பசையை ஊற்றிச் செய்வது. ஆனால் நுரையைச் செதுக்கத் தெரிந்தால் மட்டும் இந்தத் தொழில் ஓடாது. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அருமையாகச் செதுக்கத் தெரிந்தும் வாடகை கட்ட முடியாமல் கடையை மூடியவர்கள் ஏராளம். ஆளைக் கேட்டுப் புரிந்துகொண்டு, கேட்டதை எழுதி வைத்து, அடுத்த போர்டுக்கும் அவரையே திரும்ப வரவைப்பவர்தான் நிற்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

முதல் வருஷம்: ரிப்பேர் எடுங்கள்

புதுப் போர்டு விற்பதற்கு முன்னால் உடைந்த போர்டை ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். முதலீடு குறைவு, பணம் கையோடு வரும், வாடிக்கையாளரும் தானாக வந்து சேருவார். இன்னொரு லாபமும் உண்டு. போர்டு எங்கே உடைகிறது என்பதை ரிப்பேர் மேஜைதான் சொல்லித் தரும். குதிகால் அழுத்தி டெக், அதாவது மேல்பக்கம், குழிவது, காலில் கட்டும் லீஷ் கயிறு அறுத்து வால் ஓரம் கிழிவது, அடியில் துடுப்பு போல நிற்கும் ஃபின்னின் பெட்டியைச் சுற்றி முடி போல விரிசல் ஓடுவது எல்லாம் இருபது முப்பது போர்டு பார்த்தால் மனப்பாடம் ஆகிவிடும். பிறகு நீங்கள் செய்யும் போர்டில் அந்த இடத்தில் ஒரு துண்டுத் துணி கூடுதலாகப் போடுவீர்கள்.

தண்ணீர் குடித்த போர்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, ஓட்டை கீழே பார்க்க, நிழலில் நிறுத்தி வையுங்கள். அவசரப்பட்டு மேலே ஒட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகி ஒட்டியதையே தூக்கிவிடும். அடுத்து, உள்ளே இருப்பது என்ன நுரை என்று பாருங்கள். மணி மணியாகத் தெரிந்தால் தெர்மாகோல். மாவு மாதிரி நுணுக்கமாக இருந்தால் பாலியூரித்தேன். தெர்மாகோல் மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அதிலுள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். தெர்மாகோலுக்கு எபாக்ஸி ரெசின் மட்டும்தான். பாலியூரித்தேனுக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளும்.

சர்ஃப் பள்ளிகளின் மெத்தென்ற மேல்பாகம் கொண்ட பயிற்சிப் போர்டுகளை ரிப்பேருக்கு வாங்காதீர்கள். உழைப்புக்கு ஏற்ற காசு அதில் வராது.

இடம் பிடிப்பது

பட்டறை கடலைப் பார்த்து இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும், வாடகையும் எகிறும், உப்புக்காற்று மெஷினைத் தின்னும். சாலைக்கு மேற்கே, பக்கத்தில் வீடு நெருக்கமில்லாத, கூரை உயரமான ஒரு ஷெட் போதும். ரெசின் வாடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அவர் வருவதும் நியாயம்தான்.

மூன்று தனி இடம் வேண்டும்: செதுக்க ஒன்று, ரெசின் ஊற்ற ஒன்று, தேய்க்க ஒன்று. செதுக்கும் தூசி ரெசின் அறைக்குள் போனால் ஒவ்வொரு போர்டிலும் வெள்ளைப் புள்ளி விழும். இடம் போதாவிட்டால் தேய்ப்பதைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குத் தள்ளுங்கள். செதுக்கும் அறையையும் ரெசின் அறையையும் மட்டும் ஒன்றாக்காதீர்கள்.

செதுக்கும் அறை குறைந்தது பதினான்கு அடி நீளம், எட்டு ஒன்பது அடி அகலம் இருக்கட்டும். சுவருக்கு அடர் நீலமோ அடர் பச்சையோ அடியுங்கள். இரண்டு பக்கச் சுவரிலும், ஸ்டாண்டில் வைத்த போர்டுக்குச் சற்று மேலே, நீளவாக்கில் டியூப் லைட் மாட்டுங்கள். உச்சி விளக்கை அணைத்துவிட வேண்டும். பக்கவாட்டு வெளிச்சம் நுரையின் மேல் படுத்துக்கொண்டே போகும்போது, கைக்குத் தட்டுப்படாத மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். மேலிருந்து விளக்குப் போட்டால் எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் இருக்கும். ரெசின் ஊற்றிப் பளபளப்பான பிறகு அந்த மேடு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

சரக்கு: நுரை, துணி, ரெசின்

இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. கோர்டன் கிளார்க் என்பவரின் கிளார்க் ஃபோம் நிறுவனம்தான் அமெரிக்காவில் போர்டுக்கான நுரைக்கட்டைகளில், அதாவது பிளாங்குகளில், மிகப் பெரும்பகுதியைச் செய்து கொடுத்துவந்தது. 2005 டிசம்பர் 5 அன்று வாடிக்கையாளர்களுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு அவர் ஆலையை மூடிவிட்டார். நுரை தயாரிப்பில் பயன்படும் நச்சு வேதிப்பொருள், சுற்றுச்சூழல் அதிகாரிகளின் கெடுபிடி, வழக்கு அச்சம் என்று காரணம் எழுதியிருந்தார். ஒரே நாளில் பிளாங்க் விலை தாறுமாறாக ஏறியது, ஷேப்பர்கள், அதாவது போர்டு செதுக்குபவர்கள், கைவசம் இருந்ததைப் பதுக்கினார்கள். இன்று யூ.எஸ். பிளாங்க்ஸ், ஆர்க்டிக் ஃபோம், ஆஸ்திரேலியாவின் பர்ஃபோர்ட் என்று பலர் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரே சப்ளையரை நம்பித் தொழில் தொடங்காதீர்கள். இரண்டு வகை நுரையிலும் வேலை செய்யப் பழகுங்கள்.

இறக்குமதியில் அடிபடுவது நுரையின் விலையைவிட அது அடைக்கும் இடம்தான். இரண்டு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டியைக் கூரியரில் போட்டால், கன அளவை 5,000-ஆல் வகுக்கும் கணக்கில் 36 கிலோவுக்குக் காசு கேட்பார்கள். உள்ளே இருக்கும் நுரை சில கிலோ கூட வராது. அதனால் பாலியூரித்தேன் பிளாங்க் வேண்டுமென்றால் நாலைந்து பட்டறைகள் சேர்ந்து கப்பலில் மொத்தமாக இறக்குவதுதான் வழி.

தெர்மாகோல் உள்ளூரிலேயே கிடைக்கிறது. டிவி பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் இதற்கு ஆகாது, அது மிக லேசு, கை வைத்தாலே குழியும். கன மீட்டருக்கு 25 முதல் 32 கிலோ அடர்த்தி என்று தெளிவாகச் சொல்லி ஆலையில் பெரிய கட்டையாக வாங்குங்கள். அதைச் சூட்டுக் கம்பியால் அறுக்கக் கல்யாண மேடை அலங்காரம் செய்பவர்களைப் பிடியுங்கள். தெர்மாகோலில் யானையும் தாமரையும் வெட்டுகிறவர்களுக்கு நம்முடைய வளைவு ஒரு பொருட்டே இல்லை. பக்கவாட்டு வளைவை பிளைவுட்டில் வெட்டி இரண்டு பக்கமும் பொருத்திக் கொடுத்தால் கம்பியை அதன் மேல் இழுத்துவிடுவார்கள். பிறகு நடுவில் நீளவாக்கில் அறுத்து, மெல்லிய மரப்பட்டி ஒன்றை வைத்து ஒட்டினால் ஸ்ட்ரிங்கர் ஆயிற்று. போர்டின் முதுகெலும்பு அதுதான்.

துணி, ரெசின் விஷயத்தில் ஃபைபர் படகு கட்டுபவர்கள் நமக்கு அண்டை வீட்டார். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகு பெருகியது, சரக்குக் கடைகளும் கூடவே வந்தன. ஆனால் படகுக்குப் போடும் 'மேட்', அதாவது நெய்யாத கண்ணாடி இழை விரிப்பு, நமக்கு வேண்டாம். அது ரெசினை மொண்டு குடித்துப் போர்டைக் கல்லாக்கிவிடும். நெய்த கண்ணாடித் துணிதான் வேண்டும். வெளிநாட்டில் 4 அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 135 கிராம், 6 அவுன்ஸ் என்பது 200 கிராம். படகு ரெசினும் நிறம் மங்கலானது, வெயிலில் மஞ்சளடிக்கும். பழகுவதற்கும் நிறம் போட்ட போர்டுக்கும் சரி, வெள்ளைப் போர்டுக்குத் தெளிவான, புற ஊதாக் கதிரைத் தாங்கும் ரெசினையே வாங்குங்கள்.

ஆர்டர் எடுப்பது: தொழிலே இதுதான்

பெரும்பாலான ஆர்டர் இப்படித்தான் தொடங்கும்:

"அண்ணா, ஆறடிக்கு ஒரு போர்டு போட்டுக் குடுங்கண்ணா."

"இப்ப எதுல ஓட்டுற தம்பி?"

"ஸ்கூல் போர்டுதான்ணா. ஏழடி ரெண்டு இன்ச்."

"அதுல என்ன பிடிக்கல?"

"திரும்ப மாட்டேங்குதுண்ணா."

"எந்தப் பக்கம் போகும்போது?"

இந்த இடத்தில் பையன் யோசிப்பான். அப்புறம் மெதுவாக வரும்: "ரைட் போனா நல்லாத்தான் போகுது. லெஃப்ட் எடுத்தாதான்..."

கோவளம் பாயின்ட்டில் தெற்கிலிருந்து வரும் அலை பெரும்பாலும் வலப்பக்கமாக உடைகிறது. வருஷம் முழுக்க அதிலேயே ஓட்டும் பையன், இடது காலை முன்னால் வைப்பவன் என்றால், இடப்பக்க அலைக்கு முதுகைக் காட்டியபடிதான் திரும்ப வேண்டும். அந்தப் பழக்கம் அவனுக்கு இல்லை. அதைக் குட்டைப் போர்டு சரிசெய்யாது. ஆறடி கொடுத்தால் அலையே பிடிக்க முடியாமல் ஒரு மாசத்தில் உங்களைத் திட்டுவான். ஆறரை அடியில், வாலை மட்டும் கொஞ்சம் ஒடுக்கி, வால் பக்க ஓரத்தை மெல்லிசாக்கிக் கொடுத்தால் பழகிக்கொள்வான், அடுத்த வருஷம் ஆறடிக்கு உங்களிடமே வருவான்.

அதனால் ஆர்டர் தாளில் அளவு கேட்கும் கட்டத்தைக் கடைசியில் வையுங்கள். முதலில் எடை, உயரம், வயது, எந்தக் கால் முன்னால், வாரத்தில் எத்தனை நாள், எந்தக் கடற்கரை, காலையிலா மத்தியானத்திலா என்பதைக் கேளுங்கள். நம் கரையில் கடல்காற்று ஏறிய பிறகு அலை கலைந்துவிடும். வேலை முடிந்து சாயங்காலம் வருகிறவருக்குக் கலங்கிய அலைக்கான போர்டுதான் தேவை. அடுத்து, இப்போது ஓட்டும் போர்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டெக்கில் கால் அழுத்திய குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்கால் குழி ஆழமா, பின்கால் குழி ஆழமா? பின்கால் குழி வாலிலிருந்து தள்ளி இருந்தால் அவர் ஃபின் மேல் நிற்பதே இல்லை. வாய் சொல்லாததை இந்தக் குழி சொல்லிவிடும். போனில் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

வாடிக்கையாளர் சொல்லும் குறையை அளவாக மாற்றுவதுதான் கைவேலையைவிடக் கஷ்டம். 'அலை பிடிக்க முடியல' என்றால் நெஞ்சுக்குக் கீழே கனம் கூட்டி, முன்பக்க வளைவைக் கொஞ்சம் தட்டையாக்குவேன். 'மூக்கு குத்துது' என்றால் உடனே மூக்கைத் தூக்கிவிடக் கூடாது, பலசமயம் ஆள் லேட்டாக எழுவதுதான் காரணம். வீடியோ பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'வழுக்குது' என்றால் முதலில் ஃபின்னை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், புதுப் போர்டே தேவைப்படாமல் போகலாம். ஒரு விற்பனை போனாலும் அந்த ஆள் உங்களை விடமாட்டார்.

கன அளவு என்னும் லிட்டர் கணக்கு ஒரு தொடக்கப் புள்ளி. நன்றாக ஓட்டுகிறவருக்கு எடையில் கிலோவுக்கு 0.35 முதல் 0.4 லிட்டர், நடுத்தரமாக ஓட்டுகிறவருக்கு அரை லிட்டரை ஒட்டி, புதியவருக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ என்று வைத்துக்கொள்ளலாம். 62 கிலோ எடையுள்ள, தினமும் ஓட்டும் பையனுக்கு 0.38 என்று போட்டால் 23.5 லிட்டர் வரும். நம் அலைக்கு அது பத்தாது. நான் 26-க்குக் குறையமாட்டேன். பெரும்பாலான நாள் அலை இடுப்பளவு நெஞ்சளவுதான், தள்ளும் வேகமும் குறைவு. பத்திரிகைகளில் வரும் உலக சாம்பியன் போர்டின் அளவைக் கொண்டுவந்து அப்படியே கேட்பவர்களிடம் இதை முகம் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பேசி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாதிப் பணம் முன்பணம். சொந்தக்காரருக்கும் அதே விதி. நாலு வாரத்தில் முடியும் என்று தோன்றினால் ஆறு வாரம் என்று சொல்லுங்கள்.

செதுக்குவது

வரிசை இதுதான். பிளாங்கின் மேல்தோலை எலெக்ட்ரிக் பிளேனரால் சீவி, போர்டின் நடுவில் தடிமனை அளவுக்குக் கொண்டுவாருங்கள். டெம்ப்ளேட்டை ஸ்ட்ரிங்கரில் பொருத்திப் பென்சிலால் வரைந்து, கோட்டுக்கு வெளியே ஒரு விரல் விட்டு ரம்பத்தால் அறுங்கள். ஓரத்தை நேர்செங்குத்தாகத் தேயுங்கள். ஓரம் செங்குத்தாக இல்லாவிட்டால் பிறகு இரண்டு ரெயிலும், அதாவது பக்க ஓரங்களும், ஒருநாளும் ஒத்துவராது. இதற்கு அப்புறம்தான் அடிப்பக்கம், டெக், கடைசியில் ரெயில்.

ரெயிலை உருட்டும்போது புதியவர்கள் உப்புத்தாளை எடுத்து வட்டமாகத் தேய்க்க ஆரம்பிப்பார்கள். அப்படிச் செய்தால் ஒரு பக்கம் உருளைக்கிழங்கு, மறுபக்கம் கத்தி. பிளேனராலோ சர்ஃபார்ம் அரத்தாலோ முதலில் ஒரு சாய்வுப் பட்டை, அதன் மேல் இன்னொன்று, தேவைப்பட்டால் மூன்றாவது என்று மூக்கிலிருந்து வால் வரை ஒரே ஓட்டமாகச் சீவுங்கள். இடப்பக்கம் எத்தனை முறை போனீர்களோ வலப்பக்கமும் அத்தனை முறை. பட்டைகளின் விளிம்பு நிழலில் கோடாகத் தெரியும், இரண்டு பக்கமும் கோடு ஒத்திருந்தால் ரெயிலும் ஒத்திருக்கும். கடைசியில்தான் வலை போன்ற தேய்ப்புத்தாளை ரெயிலோடு வளைத்துப் பிடித்து, அந்தக் கோடுகளைக் கலைக்க வேண்டும். ஸ்ட்ரிங்கர் மரம் நுரையைவிடக் கடினம் என்பதால் மேடாகத் துருத்தி நிற்கும். அதைச் சின்ன இழைப்புளியால் மட்டமாக்குங்கள்.

முடித்ததும் ஸ்ட்ரிங்கர் ஓரம் பென்சிலால் வரிசை எண், நீளம், அகலம், கனம், வாடிக்கையாளர் பெயர் எழுதுங்கள். அதே எண்ணில் நோட்டிலும் எழுத வேண்டும், கூடவே மூக்கிலும் வாலிலும் வளைவின் உயரம், ஒரு அடி உள்ளே தள்ளி மூக்கு வால் அகலம், ஃபின் இருந்த இடம். இந்த நோட்டுதான் உங்கள் சொத்து. வடிவத்தை யாரும் பார்த்துச் செய்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் 1980-ல் மூன்று ஃபின் போர்டைக் கொண்டுவந்தார், காப்புரிமை வாங்கவில்லை. இன்று உலகமே அதில் ஓட்டுகிறது. ஆனால் உங்கள் வாடிக்கையாளருக்குப் போன தடவை எது சரியாக அமைந்தது என்பது உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

மெஷினில் வெட்டலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. ஷேப்3டி, அக்கு ஷேப்பர், திறந்த மூல மென்பொருளான போர்ட்கேட் ஆகியவற்றில் வரைந்து, சி.என்.சி. எனும் கணினி இயக்கும் மெஷினில் வெட்டுவது உலகெங்கும் சாதாரணம். நம்மூரில் கதவு வேலைப்பாடு செய்யும் சி.என்.சி. கடைகளில் கேட்டுப் பாருங்கள். எட்டுக்கு நாலு மேஜை என்றால் எட்டடிக்கு உட்பட்ட போர்டு மட்டும்தான். ஆனால் முதல் முப்பது நாற்பது போர்டையாவது கையால் செய்யுங்கள். ஒரு எண்ணை மாற்றினால் கைக்கு என்ன தெரியும் என்று அறியாதவர் திரையில் வரைந்தால் அழகான, ஓடாத போர்டுதான் வரும்.

துணி விரித்து ரெசின் ஊற்றுவது

வெயிலும் ஈரமும் இங்கே இரட்டை எதிரிகள். சூடு ஏறும் நேரத்தில் ரெசின் ஊற்றினால் நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈர ரெசின் வழியே குமிழ் குமிழாக மேலே வரும், தெர்மாகோலில் ரொம்ப மோசம். சூடு இறங்கும் நேரம், அதாவது நாலரை மணிக்கு மேல், ஊற்றினால் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். மழை நாளில் எபாக்ஸியைத் தொடாதீர்கள், மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் படியும். ஐப்பசி, கார்த்திகையில் செதுக்கும் வேலையை வைத்துக்கொண்டு ரெசின் வேலையைக் காய்ந்த நாளுக்குத் தள்ளுங்கள்.

பாலியெஸ்டருக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம் என்பார்கள். சித்திரை வெயிலில் 1 சதவீதத்துக்கே கை கொள்ளாத வேகத்தில் இறுகும். பக்கெட்டில் தேக்கி வைக்காமல் உடனே போர்டின் நடுவில் ஊற்றி, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். அடிப்பக்கம் முதலில், டெக் அடுத்து. பிறகு மெழுகு கலந்த ரெசினால் ஒரு ஹாட் கோட், இறுகியபின் தேய்ப்பு.

மூன்று ஃபின் போர்டில் பின் ஃபின்னின் பின்முனை வாலிலிருந்து சுமார் 3½ இன்ச், முன் ஃபின்கள் சுமார் 11 இன்ச், ரெயிலிலிருந்து 1¼ இன்ச் உள்ளே. முன் ஃபின் இரண்டும் மூக்கை நோக்கிக் கால் இன்ச் அளவுக்குச் சாய்ந்து நிற்கும். இதில் அரை இன்ச் மாறினாலும் ஓட்டம் மாறும், அதனால் அளந்த பிறகு இன்னொரு தடவை அளங்கள்.

துணி எத்தனை அடுக்கு? போட்டி ஓட்டுபவர்களுக்கு டெக்கில் 4 அவுன்ஸ் இரண்டு, அடியில் 4 அவுன்ஸ் ஒன்று என்பது வெளிநாட்டு வழக்கம். நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அது வேண்டாம். டெக்கில் 6-உம் 4-உம், அடியில் 6 போடுங்கள். எடை சில நூறு கிராம் கூடும். ஆனால் ஒரே போர்டை மூன்று நாலு வருஷம் வைத்து, தம்பிக்கும் ஓட்டக் கொடுக்கிற ஊர் இது. அடர் நிறம் கேட்டால் தலையாட்டாதீர்கள். காரின் மேல் கட்டி மத்தியான வெயிலில் நிறுத்தினால் கறுப்புத் தெர்மாகோல் போர்டு அப்பளம் மாதிரி உப்பும். காற்றுப்போக்கித் திருகு வைத்தாலும் காப்பாற்ற முடியாது.

உடம்பு

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். கேட்டலிஸ்ட்டாக வரும் எம்.இ.கே.பி. கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வையே போகலாம், அதை ஊற்றும்போது கண்ணாடி கட்டாயம். பட்டுவிட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகுதான் மற்றது. இரண்டு புட்டியையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். மீந்த ரெசின் பக்கெட்டிலேயே கொதித்துப் புகையும், அதை வெளியே மணலில் வையுங்கள். அசிட்டோன் பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

துணி முகமூடி தூசிக்கும் ஆகாது, வாடைக்கும் ஆகாது. தேய்க்கும்போது தூசி வடிகட்டி, ரெசின் ஊற்றும்போது கரிம ஆவி வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க். செதுக்கிய தூசியை மூட்டை கட்டி வையுங்கள், காற்றில் விட்டால் நேரே கடலுக்குத்தான் போகும்.

விலை

கீழே உள்ள எண்கள் கணக்குப் போடும் முறைக்காக மட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு போர்டுக்குச் சரக்கு 14,000 ரூபாய். உங்கள் உழைப்பு 14 மணி நேரம், மணிக்கு 400 என்றால் 5,600. மாசம் 12,000 வாடகையும் கரண்டும், ஆறு போர்டு செய்தால் தலைக்கு 2,000. கெட்டுப்போவது, திரும்ப வருவது 1,100. பேக்கிங்கும் அனுப்புவதும் 1,500. கூட்டினால் 24,200. 32,000-க்கு விற்றால் கையில் 7,800. அதே மாசம் மூன்று போர்டுதான் செய்தீர்கள் என்றால் வாடகைப் பங்கு 4,000 ஆகி லாபம் 5,800-க்கு இறங்கும். அந்தக் குறையை ரிப்பேர் வருமானம்தான் அடைக்கும், அதனால் பெரிய ஆள் ஆனபிறகும் ரிப்பேரை விடாதீர்கள்.

பலர் தங்கள் உழைப்புக்குக் காசு போடாமலேயே விலை சொல்கிறார்கள். நாளைக்கு ஒரு உதவியாளரை வைத்தால் அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? உழைப்புக்கான தொகையை முதல் போர்டிலிருந்தே கணக்கில் போடுங்கள். நிறம், கூடுதல் துணி, பளபளப்புப் பூச்சு எல்லாம் தனி விலை. உத்தரவாதமும் எழுத்தில் இருக்கட்டும்: ஆறு மாசத்துக்குள் துணி பிரிந்தாலோ ஃபின் பெட்டி கழன்றாலோ உங்கள் பொறுப்பு. அலையில் உடைந்தால் அவர் பொறுப்பு. நல்ல போர்டும் உடையும்.

பதிவு, வரி

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் முடியும். உள்ளாட்சியில் தொழில் உரிமம் வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பற்றி மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு சிக்கல். சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். ஆனால் நாம் ரிப்பேரும் செய்கிறோம், அது சேவை, அப்போது எல்லை 20 லட்சம். இன்னொன்று: மாநிலம் தாண்டிச் சரக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு தேவை. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம், மரக்காணத்தில் பட்டறை வைத்துப் புதுச்சேரிக்கு ஒரு போர்டு விற்றாலும் இது பொருந்தும். கர்நாடகத்தின் முல்கிக்கோ கோவாவுக்கோ விற்கும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே பதிந்துவிடுங்கள். போர்டு வருவது 9506 என்ற எச்.எஸ்.என். (சரக்கு வகை எண்) தலைப்பில்.

யாருக்கு விற்பது

மூன்று வகை ஆட்கள் வருவார்கள். சனி ஞாயிறு சென்னையிலிருந்து வரும் ஐ.டி. வேலைக்காரரிடம் பணம் இருக்கும், நேரம் இருக்காது. அவருக்கு ஏழடிக்கு மேல், தடிமனான, தப்பைப் பொறுத்துக்கொள்ளும் போர்டு. உங்கள் வாடகையைக் கட்டுவது இவர்தான். சர்ஃப் பள்ளிகள் மொத்தமாகக் கேட்கும், விலையை அடிக்கும், ரிப்பேர் வேலையை வாரி வழங்கும் (மெத்தென்ற பயிற்சிப் போர்டு தவிர மற்றதை எடுங்கள்). மூன்றாவது மீனவர் குப்பத்துப் பையன்கள். கரையில் ஆகச்சிறப்பாக ஓட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான், கையில் காசு இல்லாததும் அவர்களிடம்தான்.

அவர்களில் ஒருவருக்குச் சரக்கு விலையில் போர்டு கொடுங்கள். தர்மமாக நினைத்துக் கொடுக்காதீர்கள். கலிபோர்னியாவின் சானல் ஐலண்ட்ஸ் நிறுவனத்தை அல் மெரிக் தொடங்கினார். அந்தப் போர்டுகளின் பெயரை உலகுக்குக் கொண்டுபோனது அவற்றில் ஓட்டிய டாம் கரன், கெல்லி ஸ்லேட்டர் போன்ற உலக சாம்பியன்கள்தான். நன்றாக ஓட்டும் ஆள் உங்கள் போர்டில் நின்றால் கரையில் பார்க்கிற பத்துப் பேர் 'யார் போட்டது?' என்று கேட்பார்கள். பதிலுக்கு அந்தப் பையனிடம் ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: வாரம் ஒருமுறை பட்டறைக்கு வந்து போர்டு எங்கே சரியில்லை என்று சொல்ல வேண்டும். 'சூப்பர்ணா' என்பது பதில் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மற்ற எல்லோருக்கும் போர்டு போய் ஒரு மாசம் கழித்து நீங்களே போன் செய்யுங்கள். சொன்னதை அந்தப் போர்டின் எண்ணுக்கு நேரே எழுதுங்கள். இரண்டாவது ஆர்டர் பெரும்பாலும் இந்த போனில்தான் முளைக்கும்.

அனுப்புவது

நேரில் வந்து வாங்குவதே உத்தமம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபின்னைக் கழற்றி, மூக்கு, வால், இரண்டு ரெயில் ஆகியவற்றுக்குக் குழாய் நுரையைப் பிளந்து மாட்டி, முழுக்கக் குமிழ்த்தாள் சுற்றி, அதன் மேல் அட்டை. மூக்குப் பக்கம் அட்டைக்குள் ஒரு கை அளவு வெற்றிடம் விடுங்கள், முதலில் தரையில் இடிப்பது அதுதான். லாரி பார்சல் ஆபீசில் நிறுத்தி வைக்கச் சொல்லாமல் படுக்க வைக்கச் சொல்லி, 'மேலே எதுவும் வைக்காதே' என்று நாலு பக்கமும் தமிழிலும், போகும் ஊரின் மொழியிலும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். கட்டுவதற்கு முன் ஒன்று, கட்டிய பிறகு ஒன்று, லாரியில் ஏற்றிய பிறகு ஒன்று என்று போட்டோ எடுத்து வாடிக்கையாளருக்கு அப்போதே அனுப்பிவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கும்படி அவரிடமும் சொல்லி வையுங்கள்.